செம்மண்டலத்து வெயிலுக்கு ஏற்ற முயல்

கல்யாணமான பதினோராவது மாதம் என் கணவர் பினாங்குக்குக் கப்பலேறினார். நாங்கள் பரங்கிப்பேட்டைக்காரர்கள். எங்கள் ஊரில் ஆண்கள் கடல் தாண்டிப் போவது புதிதல்ல, என் வாப்பாவும் அப்படிப் போய் வந்தவர்தான். ஊரோடு இருந்திருந்தால் சுற்றிலும் சொந்தக்காரர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் இவர் முன்பு திருப்பாதிரிப்புலியூரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்ததால் கடலூர் செம்மண்டலத்தில் வீடு எடுத்திருந்தார். மாமியின் முட்டிவலிக்கு ஆஸ்பத்திரி பக்கம் என்று அந்த வீட்டை விடாமல் எங்களை அங்கேயே வைத்துவிட்டுப் போனார்.

மாமி என்றால் என் மாமியார். கெட்டவர் இல்லை, பேசாதவர். காலையில் டீ போட்டாச்சா என்பார், மத்தியானம் மீன்காரி வந்தாளா என்பார், மஃரிபுக்கு விளக்கு ஏற்று என்பார். ஒரு நாளில் எங்களுக்குள் நடந்த பேச்சு முழுவதையும் ஒரு போஸ்ட் கார்டில் எழுதிவிடலாம். கணவரிடமிருந்து கடிதம் வந்தால் நான் வாசிப்பேன், அவர் கேட்பார், வாசித்து முடித்ததும் எழுந்து கொல்லைக்குப் போய்விடுவார். மகன் போனதற்கு நான்தான் காரணம் என்று நினைக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு இருபது வயது. நேரில் கேட்கத் தைரியம் இல்லை.

இது அறுபதுகளின் நடுவில். அந்தக் கார்த்திகையில் சிதம்பரத்தில் இருந்த என் லாத்தாவுக்கு இரண்டாவது பிரசவம். உதவிக்கு இரண்டு வாரம் போனேன். லாத்தா என் அக்கா, பல்கலைக்கழகத்துப் பக்கம் குடியிருந்தாள். அவள் வீட்டை ஒட்டிய வீட்டில் ஒரு அக்கா முயல் வளர்த்தார். அவருடைய கணவருக்குப் பல்கலைக்கழகத்தில் பாடத்துக்காக வைத்திருக்கும் பிராணிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இந்த அக்காவின் முயல்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, இவை அவருடைய ஆசைக்கு. குன்னூரில் இருந்த அவருடைய தம்பி அவ்வப்போது கொண்டுவந்து கொடுத்தவை.

லாத்தாவின் குழந்தைத் துணிகளைக் காயப்போடும்போது வேலிக்கு மேல் அந்தக் கூண்டுகள் தெரியும். மூன்றாம் நாளே நான் அந்தப் பக்கம் போய்விட்டேன். மூன்று விதமான முயல்கள் இருந்தன. ஒன்று பெரிய வெள்ளை முயல், உட்கார்ந்தால் சின்ன ஆட்டுக்குட்டி அளவு. இரண்டாவது கறுப்பும் வெள்ளையுமான சின்ன முயல், முடி குட்டை, கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டை. மூன்றாவது அங்கோரா. அந்தப் பெயர் எனக்கு வாயில் வரவில்லை, சடை முயல் என்றுதான் சொன்னேன். உடம்பெல்லாம் பஞ்சுப் பொதி மாதிரி முடி, அதற்குள் எங்கோ இரண்டு கண்கள். அதைப் பார்த்த பிறகு மற்ற இரண்டும் என் கண்ணில் படவே இல்லை.

ஊருக்குத் திரும்ப இரண்டு நாள் இருக்கும்போது அதைக் கேட்டேன். அந்த முயல்கார அக்கா உடனே தலையாட்டவில்லை. எங்கள் வீட்டில் எத்தனை பேர், கொல்லையில் நிழல் உண்டா, கூரை ஓடா கீற்றா, ஒரு நாளில் எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பெண் கேட்டு வந்தவர்களை விசாரிப்பது போல இருந்தது. பிறகு கறுப்பு வெள்ளையைக் காட்டி, முதல்முதலாக வளர்ப்பவர்களுக்கு அதுதான் சரி, சீவ வேண்டாம், கொஞ்சம்தான் தின்னும், மடியில் பயப்படாமல் உட்காரும் என்றார். பெரிய வெள்ளையும் சாதுதான், ஆனால் கனம் அதிகம், தரை கரடுமுரடாக இருந்தால் பாதம் புண்ணாகிவிடும்.

"சடை முசல பாக்க அழகா இருக்குன்னு எடுக்காத தங்கச்சி. தெனம் சீவணும், மூணு மாசத்துக்கு ஒருக்கா முடிய வெட்டணும். வெயிலு அதுக்கு ஆகவே ஆகாது" என்றார்.

"எங்க ஊட்டுக் கொல்லையில நெழலு ஜாஸ்திக்கா" என்றேன்.

எங்கள் கொல்லையில் இருந்தது ஒரே ஒரு முருங்கை மரம். அதன் நிழலில் ஒரு கோழி நின்றால் பாதிக் கோழி வெயிலில்தான் நிற்கும்.

அக்கா நம்பினார். கூடைக்குள் வைக்கோல் போட்டு, சீப்பு ஒன்றும் கொடுத்து, ரயிலடி வரை வந்து ஏற்றிவிட்டார். கிள்ளை, பரங்கிப்பேட்டை, புதுச்சத்திரம் என்று வண்டி நின்று நின்று போனது. வண்டியில் இருந்த பெண்கள் எல்லோரும் கூடையை எட்டிப் பார்த்தார்கள். எனக்கு ஒரே பெருமை.

வீட்டில் மாமி கூடைத் துணியை விலக்கிப் பார்த்தார். பிறகு, இதை இப்போதே அறுப்பதா, பெருநாளுக்கா என்று கேட்டார். லாத்தா வீட்டிலிருந்து கறிக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்றே அவர் நினைத்திருக்கிறார். வளர்க்கத்தான் என்று சொன்னபோது என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

மார்கழியும் தையும் நன்றாகப் போயின. பழைய சாமான் பெட்டியைக் கூண்டாக்கிக் கொல்லைச் சுவரோரம் வைத்தேன். காலையும் மாலையும் சீவினேன். அருகம்புல்லும் கல்யாண முருங்கை இலையும் பறித்துப் போட்டேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் பார்க்க வந்தார்கள். மாமி மட்டும் பக்கத்தில் வரமாட்டார். ஆனால் பெருநாள் வந்தபோது அறுக்கும் பேச்சை எடுக்கவில்லை.

மாசிக்குப் பிறகு சீவுவது குறைந்தது. ஒரு தடவை சீவ ஒரு மணி நேரமாகும். முயலுக்கும் அது பிடிக்காது, உதைக்கும். இன்று ஒரு நாள் விடலாம் என்று விட்டால் மறுநாள் முடிச்சு விழுந்திருக்கும். முடிச்சைப் பிரித்தால் தோல் இழுபட்டு அது துள்ளும். அதைப் பார்க்கச் சகிக்காமல் இன்னும் இரண்டு நாள் விடுவேன். பங்குனி பிறக்கும்போது அதன் வயிற்றுப் பக்கமெல்லாம் கம்பளி போல அடர்ந்து இறுகிவிட்டது. தீனி பாதியாகக் குறைந்தது. சிதம்பரத்துக்கு எழுதிக் கேட்டிருக்கலாம். சொன்ன பொய் தெரிந்துவிடும் என்று எழுதவில்லை.

ஒரு நாள் உச்சி வெயிலில் தண்ணீர் வைக்கப் போனேன். முயல் பக்கவாட்டில் நீட்டிக் கிடந்தது. வாய் திறந்திருந்தது, வயிறு வேகமாக ஏறி இறங்கியது. தூக்கினேன், துவண்டது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் உட்கார்ந்து அழுதேன்.

மாமி தொழுதுவிட்டு வந்தார். ஈரத்துணி கொண்டுவந்து அதன் காதுகளில் போட்டார். விரலால் அதன் உதட்டில் தண்ணீர் சொட்டவிட்டார். தண்ணீர்ப் பானை வைக்கும் மூலையில், சில்லென்ற ஈரத் தரையில் கிடத்தச் சொன்னார். மூச்சு கொஞ்சம் நிதானப்பட்டது. பிறகு தன் தையல் பெட்டியைத் திறந்து ரவிக்கை வெட்டும் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்து, முட்டிவலியையும் பார்க்காமல் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"காலப் புடிச்சிக்க புள்ள. தோலு படாம வெட்டுவேன், பயப்படாத."

பிற்பகல் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லும் வரை வெட்டினோம். மாமியின் கை அவ்வளவு மெதுவாக வேலை செய்யும் என்று எனக்கு அதுவரை தெரியாது. இறுகிய முடிக்கும் தோலுக்கும் நடுவில் விரலை விட்டு, விரலுக்கு மேலே வெட்டினார். பக்கத்தில் ஒரு தலையணைக்கு ஆகும் அளவுக்கு முடி சேர்ந்தது. உள்ளேயிருந்து ஒல்லியாக, மேடும் பள்ளமுமாக ஒரு முயல் வெளியே வந்தது. அது எழுந்து உட்கார்ந்தது. உடம்பை ஒரு தடவை உதறியது. கொஞ்ச நேரம் கழித்து என் கையிலிருந்த இலையை இழுத்துத் தின்றது.

மாமி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் ஒருக்கா இப்புடி எடுத்தாங்க" என்றார்.

அவருக்குக் கல்யாணமான வருஷம் அது. இடுப்புக்குக் கீழே தொங்கும் கூந்தலாம் அவருக்கு. பெண் பார்க்க வந்தவர்கள் முகத்தைப் பற்றிப் பேசாமல் கூந்தலைப் பற்றியே பேசினார்களாம். கல்யாணமாகி நாலு மாதத்தில் விஷக் காய்ச்சல் கண்டது. முடியை எடுத்தால்தான் ஆகும் என்று அவருடைய உம்மாவே வந்து எடுத்துவிட்டார்.

"சுத்தி நின்னு எல்லாரும் அழுவுறாங்க. எனக்கு மட்டும் மண்டையில காத்து படுறது அவ்ளோ சொகமா இருந்துச்சு. வெளிய சொல்ல முடியுமா? நானும் அழுவுற மாதிரி மூஞ்ச வச்சிக்கிட்டேன். இன்னிக்கு வரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. அந்தத் தைரியத்தில் சிதம்பரத்து அக்காவிடம் நிழலைப் பற்றிச் சொன்ன பொய்யையும் சொல்லிவிட்டேன். மாமி கத்தரிக்கோலைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார்.

"போயி சொல்லிருவோம். நானும் வர்றேன்" என்றார்.

மகன் கப்பலேறிய பிறகு மாமி ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் போனதில்லை. அந்த வாரமே துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு என்னோடு ரயிலேறினார். வெயில் ஏறுவதற்கு முன்னால் போய்விடலாம் என்று காலை வண்டியில் போனோம்.

அக்கா கூடையைத் திறந்து முடி வெட்டின முயலைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் மாறியது, ஆனால் திட்டவில்லை. யார் வெட்டியது என்று கேட்டார். மாமி என்றேன். ஒரு இடத்திலும் கீறல் இல்லையே என்று தடவித் தடவிப் பார்த்தார். அடுத்த மாதம் தம்பி வருவார், அவரோடு குன்னூருக்கே அனுப்பிவிடலாம், குளிரில் அதற்கு முடி நன்றாக வளரும் என்றார். அதன் முதுகை ஒரு தடவை தடவிக் கொடுத்தேன். ஆனாலும் அதை மறுபடி கேட்கவில்லை.

வெறுங்கூடையோடு திரும்பத்தான் நினைத்திருந்தேன். மாமி நகரவில்லை. கூண்டுகளின் முன்னால் ஒரு மணை போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டார். எது என்ன தின்னும், எதற்கு முடி கொட்டும், எது கடிக்கும், எது வெயில் தாங்கும் என்று அக்காவைக் கேட்டார். பெரிய வெள்ளையைத் தூக்கிப் பார்த்து, தன் முட்டிக்கு இந்தக் கனம் ஆகாது என்று இறக்கிவிட்டார். குட்டைமுடிக் கூண்டில் குட்டிகள் ஆறு இருந்தன. ஒவ்வொன்றின் முன்னும் புல்லை வைத்துவிட்டுக் காத்திருந்தார். நாலு குட்டிகள் மூலைக்கு ஓடின. இரண்டு மட்டும் புது ஆளைப் பற்றிக் கவலைப்படாமல் வந்து தின்றன.

இது என்ன ஜாதி என்று கேட்டார். டச்சு என்றார் அக்கா.

"டச்சுக்காரன் எங்க ஊர விட்டுப் போயி எத்தன காலமாச்சு. மொசல மட்டும் உட்டுட்டுப் போயிட்டானா" என்றார் மாமி. அக்கா சிரித்த சிரிப்பில் லாத்தா குழந்தையோடு வேலிக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

தின்ற இரண்டையும் எடுத்துக்கொண்டோம். இரண்டும் பொட்டைதான், சண்டையில்லாமல் இருக்கும் என்று அக்கா சொன்னார். இந்தத் தடவை நிழலைப் பற்றி அவர் கேட்க, மாமியே பதில் சொன்னார். நிழல் இல்லை, ஆனால் அடுப்படிக்குப் பின்னால் தாழ்வாரம் இருக்கிறது, பகலில் அங்கே வைத்து ஈரச் சாக்கு தொங்கவிடுவோம் என்றார். அந்த யோசனை ரயிலில் வரும்போதே அவர் மனசில் இருந்திருக்கிறது.

அந்தச் சித்திரை வெயிலில் முயல்கள் தாழ்வாரத்தில் சுகமாக இருந்தன. சீவும் வேலை இல்லை. காலையில் நான் புல் போடுவேன், மாலையில் மாமி இலை போடுவார். கூண்டைக் கழுவும்போது இருவரும் சேர்ந்து கழுவுவோம், அப்போதுதான் பேச்சு ஓடும். மகன் போனதற்கு என்னைக் குறை சொல்கிறார் என்று நான் நினைத்ததை ஒரு நாள் கேட்டே விட்டேன். மாமி விளக்குமாறைச் சுவரில் சாத்திவிட்டுச் சொன்னார். தன்னுடைய வைத்தியச் செலவுக்காகத்தான் அவன் போனான், அதற்காக நான் தன்னை வெறுக்கிறேன் என்று அவர் நினைத்திருந்தாராம்.

ஆடி கழிந்ததும் ஒரு முயல் தன் மார்பு முடியைப் பிய்த்து வாயில் கவ்விக்கொண்டு மூலைக்கு ஓடியது. வைக்கோலையும் சேர்த்தது. நோய் வந்துவிட்டது என்று நான் பதறினேன். மாமி வந்து பார்த்தார், அதன் வயிற்றை மெல்லத் தடவினார்.

"நோயும் இல்ல ஒண்ணும் இல்ல. தொட்டில் கட்டுது" என்றார்.

மறுநாள் காலையில் அந்த முடிக்குள் ஐந்து குட்டிகள் இருந்தன. கண் திறக்காமல், முடியில்லாமல், விரல் நீளத்துக்கு. இரண்டும் பொட்டை என்று சொன்ன அக்காவுக்குக் கார்டு எழுதினேன். சின்னதில் ஆண் எது பெண் எது என்று தானும் ஏமாந்துவிட்டதாக அவர் பதில் எழுதினார். இனி இரண்டையும் தனித்தனியாக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் செம்மண்டலம் போதாது என்றும், சடை முயல் குன்னூரில் பஞ்சுப் பொதியாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தார். அந்தக் கார்டை வெகுநாள் வைத்திருந்தேன்.

பினாங்குக்கு மாமி சொல்லச் சொல்ல நான் எழுதிய அடுத்த கடிதத்தில் முட்டிவலிக்கு ஒரு வரி, முயலுக்கு ஒன்றரைப் பக்கம். கணவர் பதிலில், வீட்டில் எல்லோரும் சுகம்தானே, எதையும் மறைக்கவில்லையே என்று கேட்டிருந்தார்.

அடுத்த வருஷக் கடைசியில் அவர் வந்து சேர்ந்தார். தந்தி கொடுக்காமல் வந்தார். வாசலில் பெட்டியை வைத்துவிட்டு மூன்று தடவை கூப்பிட்டாராம். நாங்கள் தாழ்வாரத்தில் மறுபடி பிறந்த குட்டிகளில் எதை யாருக்குக் கொடுப்பது என்று வாதாடிக்கொண்டிருந்ததில் காதில் விழவில்லை. அவரே உள்ளே வந்து நின்றார். மாமி அழுதார், நான் அழுதேன், அவரும் அழுதார். கொஞ்சம் அடங்கியதும் குனிந்து ஒரு குட்டியைத் தூக்கப் போனார்.

"காதப் புடிச்சித் தூக்காதடா. அடியில கை குடு" என்றார் மாமி.

அவர் அடியில் கை கொடுத்துத் தூக்கினார். குட்டி அவர் சட்டைப் பையை மோந்து பார்த்துவிட்டு, அதிலிருந்த, அவர் வந்த கப்பல் டிக்கெட்டின் ஓரத்தைக் கடிக்க ஆரம்பித்தது. அவர் அதைத் தடுக்கவில்லை.