விளக்குப் பிடித்த மாமா

என் பட்டறை மேசையில், நட்டுகள் கிடக்கும் தட்டின் ஓரமாக, ஒரு சைக்கிள் பால்ரஸ் குண்டு கிடக்கிறது. மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு டார்ச் வெளிச்சம் நினைவுக்கு வருகிறது. கூடவே அதைப் பிடித்துக்கொண்டு நின்ற என் அக்கா வீட்டுக்காரரும்.

மாமா டூரிஸ்ட் கார் ஓட்டுகிறவர். சேலத்தில் ஆள் ஏற்றி ஏற்காட்டில் இறக்குவார். வீடு மலைமேல் நாகலூரில். நான் ஆட்டோமொபைல் படித்துவிட்டு, கார் என்றால் சோறு தண்ணி மறந்து திரிந்த காலம். வீட்டு முன்னால் சும்மா கிடந்த இடத்தில் பட்டறை போட அக்கா சம்மதித்திருந்தாள். "மொதல்ல மாமா வண்டிய நல்லா வெச்சுக் காட்டு கண்ணு, ஊர் வண்டியெல்லாம் தானா வரும்" என்பாள். எனக்கு வேறென்ன வேண்டும்? மாமாவின் அந்த டர்போ டீசல் காரை என் உடம்பைப் போலப் பார்த்துக்கொண்டேன்.

ஒரு சீசனில் அதற்கு நோவு வந்தது. முழுப் பாரத்தோடு மலை ஏறும்போது, கொண்டை ஊசி வளைவில் திடீரென்று இழுவை போய்விடும். எதிரே இறங்கி வரும் பஸ், ஏறுகிற வண்டிக்கு வழிவிட்டு நின்று நின்று ஹாரன் அடிக்கும். எஞ்சினை அணைத்து மறுபடி சாவி போட்டால் சரியாகிவிடும். சேலத்துச் சமதரையில் எவ்வளவு ஓட்டிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது.

"மாப்ள வண்டி கம்ப்யூட்டர்ல ஏதோ மாத்தியுட்டான்னு நெனைக்கிறேன்" என்று மாமா அக்காவிடம் சொல்லியிருக்கிறார். அக்கா பட்டறைப் பேச்சையே எடுக்கவில்லை. சோறு போடும்போதுகூட முகம் பார்க்கவில்லை.

கோளாறு காட்டும் கருவியை வண்டியில் செருகிப் பார்த்தேன். டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம் அளவு மீறுகிறது என்றது. எஞ்சின் உடையாமல் இருக்க வண்டியே தன் பலத்தைக் குறைத்துக்கொள்கிறது. சென்சார் பொய் சொல்கிறதோ என்று தனியாக ஒரு மீட்டரை வைத்து மலை ஏறிப் பார்த்தேன். சென்சார் உண்மையைத்தான் சொன்னது. அழுத்தம் கூடினால் திறந்து வெளியேற்ற ஒரு வால்வு உண்டு; ஒரு டியூப் வழியாக வரும் காற்றுதான் அதைத் தள்ளித் திறக்கும். அது ஏன் திறக்கவில்லை?

பனிமூட்டத்தில் பகலிலும் பானெட்டுக்குள் இருட்டு. மாமாதான் விளக்குப் பிடித்தார். "இந்தப் பக்கம் காட்டுங்க மாமா" என்பேன். வெளிச்சம் எங்கெங்கோ போகும், வால்வுக்குப் போகும் சின்ன ரப்பர் டியூபின் மேல் மட்டும் விழாது. குளிரில் கை விறைத்துவிட்டது, பாவம் என்று நினைத்துக்கொண்டேன். வால்வுக்குக் கைப்பம்பால் காற்று அடித்துப் பார்த்தேன், சுகமாகத் திறந்தது. அப்படியானால் காற்று அங்கே போய்ச் சேரவே இல்லை. தடவிப் பார்த்து டியூபை உருவி வாயில் வைத்து ஊதினேன். அடைத்திருந்தது. அறுத்தேன். குண்டு உருண்டு என் உள்ளங்கையில் விழுந்தது.

"எடுத்துட்டியா மாப்ள?" என்றார் மாமா, மெதுவாக. "ஸ்டாண்டுல ஒருத்தன் சொன்னான், அத அடச்சா இழுவ நொம்ப நல்லா இருக்குமுன்னு. அக்காகிட்டச் சொல்லிக்காத."

அதற்குள் அக்கா காப்பியோடு வந்துவிட்டாள். உள்ளங்கையை மட்டும் நீட்டினேன். மாமா சொல்லட்டும் என்று காத்திருந்தேன். ஒரே ஒரு வார்த்தை போதும்.

அக்கா குண்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இத எப்படா உள்ள போட்ட?"

மாமா விளக்கை அணைத்தார். "உடு புள்ள. சின்னப் பையன். தெரியாமப் பண்ணிட்டான்."

அவர் என்னை மன்னித்துவிட்டார்! அதற்குப் பிறகு நான் சொன்னதெல்லாம் மாட்டிக்கொண்டவன் பேசுகிற பேச்சாகத்தான் அக்காவுக்குக் கேட்டது.

இப்போது என் பட்டறை அடிவாரத்தில், வாடகைக் கொட்டகையில் இருக்கிறது. தினமும் காலையில் மாமா வண்டி முழுப் பாரத்தோடு என்னைத் தாண்டி மலை ஏறுகிறது. எந்த வளைவிலும் நிற்பதில்லை. "மாமாவே பாத்துச் சரி பண்ணிட்டாரு" என்று அக்கா சொந்தக்காரர்களிடம் சொல்கிறாளாம். அந்த டியூபை மாற்றி மாட்டிவிட்டு வந்தவன் நான்.

யாராவது பானெட் பக்கம் வந்து, விளக்குப் பிடிக்கட்டுங்களா என்று கேட்டால், வேண்டாமுங்க என்கிறேன். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொள்கிறேன். எச்சில் ஒழுகும், தாடை வலிக்கும். இருந்தாலும், நான் பார்க்கிற இடத்தில்தான் வெளிச்சம் விழுகிறது.