அப்பாவின் காலுக்கு ஒரு நாய்

எங்களுக்கு நாய் மேல் ஆசை ஒன்றும் இருந்ததில்லை. அப்பாவின் கால் விரலை எலி கடித்ததால் நாய் தேடினோம். நாயைப் பிள்ளை மாதிரி வளர்க்கிறோம் என்று யாராவது பீற்றிக்கொண்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். நாங்கள் அதை வேலைக்குத்தான் வைத்தோம். பிள்ளையானது பிறகு.

எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவில் பத்து காஜா பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டிருந்தார்கள். இருபத்தைந்து வருடம் பால் வெட்டிய அப்பாவுக்கு இனிப்புநீர் வியாதி வந்து, பாதங்கள் மரத்துப்போய், வேலை நின்றது. அம்மா அதற்கு முன்பே இறந்துபோயிருந்தார். வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் வேலை செய்தால்தான் லயத்து வரிசையில் வீடு எங்களுக்கு. இல்லையென்றால் சாமான்களைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். அதனால் பதினெட்டு வயதில் நான் வேலைக்குப் பெயர் கொடுத்தேன்.

செம்பனை வந்ததும் எலியும் பெருகியது. ஒரு காலை அப்பா பாயிலிருந்து எழுந்து குசினி அடுப்புப் பக்கம் நடந்துவந்தார். சிமெண்டுத் தரையில் அவர் அடி வைத்த இடமெல்லாம் சிவப்பு.

"என்னாடி இது, யாரு சாயத்தக் கொட்டுனது?" என்று என்னைக் கேட்டார்.

அவருடைய பெருவிரல் நுனியை எலி கொறித்திருந்தது. அவருக்குத் தெரியவே இல்லை. நான் துணியைக் கிழித்துக் கட்டியபோது, யாருடைய காலையோ பார்ப்பதுபோல அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பொறி வைத்தோம். பூனை வைத்தோம், அது கடைக்காரர் வீட்டுக் கருவாட்டுக்குக் குடிபோய்விட்டது. கடைசியில் தோட்டத்துத் துரை பங்களாவில் சமையல் செய்த அக்கா வழி சொன்னார். துரையின் டெரியர் குட்டி போட்டிருந்தது. "எலி புடிக்கவே பொறந்த சாதிலா இது. உருவத்தப் பாத்து ஏமாறாத" என்றார்.

ஐந்து குட்டிகள். எதை எடுப்பது என்று தெரியாமல் என் ரப்பர் செருப்பைக் கழற்றி அவற்றின் முன்னால் ஆட்டினேன். இரண்டு ஓடின, இரண்டு நக்கின. ஒன்று மட்டும் வாரைக் கவ்விக்கொண்டு, தூக்கினாலும் விடாமல் அந்தரத்தில் தொங்கியது.

"அது வீம்பு புடிச்சதுடி. அந்த அமைதியானத எடுத்துக்கிட்டுப் போ" என்றார் அக்கா.

"எனக்கு வீம்புதான் வேணும்க்கா" என்றேன்.

லயத்தில் சிரிப்பாய்ச் சிரித்தார்கள். "என்னா மாமா, நாய் வாங்கப் போயி தேங்கா நார வாங்கியாந்துட்டீங்களா?" என்றான் பக்கத்து வீட்டுக்காரன். "இருக்கட்டும்லா, ஒன் வாயக் கட்டக் கயிறு திரிச்சுக்கலாம்" என்றார் அப்பா. பெயரெல்லாம் வைக்கவில்லை. அப்பா "வாடா" என்றால் அது வரும். வேறு யார் கூப்பிட்டாலும் யோசித்துத்தான் வரும்.

அதன் முடி நிஜமாகவே நார் மாதிரிதான் இருந்தது. உண்ணி அதற்குள் ஒளிந்துகொள்ளும். அப்பா தினமும் காலையில் வாசலில் உட்கார்ந்து, பழைய சீப்பால் வாரி வாரி உண்ணிகளைப் பிடுங்கி, மண்ணெண்ணெய் டின்னில் போடுவார். வேலை போனதிலிருந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் அவர். இப்போது நான் வேலை முடிந்து வந்தால் அன்று அது என்ன செய்தது என்று ஒரு மணி நேரம் சொல்வார். படுக்கும்போது அது அவர் பாதத்தின் மேல் தாடையை வைத்துக்கொள்ளும். ஆறு மாதத்தில் ஒரு எலியும் அவரை அண்டவில்லை. எலியின் கழுத்தைக் கவ்வி ஒரே உதறு, அவ்வளவுதான். கொன்றதைப் பாதிக்கு மேல் தின்றும்விடும். இறைச்சிச் செலவு மிச்சம் என்று நாங்களும் தடுக்கவில்லை.

அப்புறம் என்னை எலி மருந்து வைக்கும் கும்பலில் போட்டார்கள். மெழுகில் பிடித்த சிறு சிறு கட்டிகள். மரத்துக்கு ஒன்றாக அடியில் வைத்துக்கொண்டே போகவேண்டும். நாலு நாள் கழித்துத் திரும்பி வந்து, காணாமல்போன இடத்தில் மறுபடியும் ஒன்று. "இதத் தின்னா எலிக்கு உள்ளுக்குள்ளயே ரத்தம் ஒழுகி நாலஞ்சு நாள்ல செத்துரும். கைய சோப்புப் போட்டுக் கழுவிட்டுச் சோறு தின்னுங்க" என்று எங்களை வேலை வாங்கிய மண்டோர் முதல் நாளே சொன்னார். நான் நன்றாகக் கேட்டுக்கொண்டேன். ஒழுங்காகக் கழுவவும் செய்தேன்.

இரண்டாவது வாரம் எலிகள் பட்டப்பகலில் லயத்துக்குள் தள்ளாடிக்கொண்டு வந்தன. எங்கள் நாய்க்குக் கொண்டாட்டம். ஒரே நாளில் ஏழு. நான் லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். எலி ஏன் தள்ளாடுகிறது என்று என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை நாயின் மூக்கிலிருந்து ரத்தம் வடிந்தது.

"சூடு" என்றேன் நான். அப்படி முதலில் சொன்னது நான்தான். எங்கள் வீட்டில் மூக்கில் ரத்தம் வந்தால் சூடு, கண் சிவந்தால் சூடு, வயிறு வலித்தாலும் சூடு. அப்பா உடனே தலையில் கை வைத்துக்கொண்டார். "நேத்து துணி காயப்போடறப்ப வெயில்ல கட்டிப்போட்டு மறந்துட்டேன்மா. அதான் ஏறிருச்சு."

உச்சியில் நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினோம். வெந்தயம் ஊறிய தண்ணீர், இளநீர், மோர். மூன்று நாள் இதையேதான் செய்தோம். அப்பா அதை மடியில் வைத்துக்கொண்டு கரண்டியால் ஊட்டினார். அது அவர் கையைப் பார்த்துக்கொண்டே விழுங்கியது. ஞாயிற்றுக்கிழமை அதன் வயிற்றில் ஊதா நிறத்தில் திட்டுகள் தெரிந்தன.

திங்கட்கிழமை வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, அதைச் சந்தைக் கூடையில் வைத்துக் கைலியால் மூடி, ஈப்போவுக்கு பஸ் ஏறினேன். மிருக டாக்டர் ஒரு சீனர். கட்டைவிரலால் அதன் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு காகிதம்போல வெளுத்திருந்தது. எலி பிடிக்குமா என்று மலாயில் கேட்டார். பிடிக்கும், தின்னும், ஒரே நாளில் ஏழு என்றேன். அப்போதும் பெருமையாகத்தான் சொன்னேன். தோட்டத்தில் மருந்து வைக்கிறார்களா என்றார். ஆமாம் என்றேன். யார் வைப்பது என்று அவர் கேட்கவில்லை. கேட்காமலே எனக்கு விளங்கிவிட்டது.

ஊசி போட்டார். மூன்று நாளைக்கு முன்னால் கொண்டுவந்திருந்தால் இதே ஊசி போதும் என்றார். அரை மணி நேரத்தில் மேசை மேலேயே அடங்கிவிட்டது.

மத்தியானம் வீடு திரும்பினேன். அப்பா வாசலில் நின்றிருந்தார். கூடையைப் பார்த்ததும் விளங்கிக்கொண்டார். "டாக்டர் என்னாம்மா சொன்னாரு? வெயில்தானா?"

"ஆமாம்பா" என்றேன்.

உண்மையைச் சொன்னால் அந்த வேலையே வேண்டாம் என்பார், வேலை போனால் வீடு போகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் சும்மா. அவர் என்னைப் பார்க்கப்போகும் பார்வைக்குப் பயந்தேன். மறுநாள் மருந்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன்.

இரண்டு மாதத்தில் எலிகள் திரும்பி வந்தன. பங்களா அக்கா இன்னொரு குட்டி தருகிறேன் என்றார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "வேணாம்மா. என் கையால இன்னொரு உசுரு போகவேணாம்" என்றார். நான் கெஞ்சினேன், கத்தினேன், ஒரு நாள் சோறு தின்னாமல் கிடந்தேன். சொல்லவேண்டிய ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அவர் காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு படுத்தார். எலி சாக்கையும் அறுத்து இடது காலைக் கடித்தது. அந்தப் புண் ஆறவே இல்லை.

அடுத்த வருடம் ஆஸ்பத்திரியில் அவருடைய இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் எப்படி ஆச்சு அண்ணே என்று விசாரித்தார். "வாயில்லா சீவன வெயில்ல கட்டிப்போட்டுக் கொன்னேன்லா. அந்தப் பாவம்" என்றார் அப்பா. நான் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்று அவருக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். உரித்து, கொட்டையெல்லாம் எடுத்து, அவர் கையில் கொடுத்தேன்.