எழுந்து நின்று பிரேக் பிடிப்பவர்

கியாசுதீன் பிரேக் பிடிக்கும்போது சீட்டிலிருந்து எழுந்துவிடுவார். கல்யாணமான புதிதில் முன்சீட்டில் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதே சுராயா இதைக் கவனித்துவிட்டாள். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்து, இடுப்பைத் தூக்கி, உடம்பு மொத்தத்தையும் வலது காலில் ஏற்றுவார். வண்டி நிற்கும். அப்புறம் உட்காருவார். தென்னூர் முக்கில் நின்ற போலீஸ்காரர் ஒருவர் இந்த மரியாதை தனக்குத்தான் என்று நினைத்து, ரிடையர் ஆகிற வரைக்கும் பதிலுக்குத் தலையசைத்துக்கொண்டே இருந்தார்.

வருஷம் போகப் போக அந்தப் பழக்கம் வண்டியை விட்டு இறங்கி வீட்டுக்குள்ளும் வந்தது. டிவியில் லாரி எதிரே வந்தால், பாயில் உட்கார்ந்திருக்கிறவரின் வலது கால் விறைக்கும். லீவுக்கு வந்த பேத்தி தவழ்ந்துபோய் வாசற்படியை நெருங்கினாலும் அவர் காலைத்தான் தரையில் அழுத்துவார். கை நீளாது. சுராயாதான் ஓடிப்போய்த் தூக்குவாள்.

அவரைக் குறை சொல்ல முடியாது, வேன் அப்படி. மாமனார் காலத்து டீசல் வேன். இப்போதைய வண்டிகளில் காலுக்கு ஒத்தாசையாக பூஸ்டர் என்று ஒன்று இருக்குமே, அது இதில் கிடையாது. நஜிமுதீன் பண்டாரி ஆக்குகிற கல்யாணச் சாப்பாட்டை, பிரியாணி தேக்சாவும் தால்ச்சா அண்டாவுமாக, மஹால் மஹாலாகக் கொண்டுபோய் இறக்குவதுதான் வேனுக்கு வேலை. கியாசுதீனுக்கும் அதுதான் வேலை.

போன வருஷம் அவருக்கு வலது முழங்கால் வீங்கிவிட்டது. இந்தப் பெடலை மிதித்தால் மூட்டு மிஞ்சாது என்று டாக்டர் சொல்ல, வேன் தெருவோரம் நின்றது. கியாசுதீன் வீட்டில் உட்கார்ந்தார்.

சுராயாவுக்கு அதற்குமுன் வாழ்க்கையில் பெரிய கஷ்டம் என்று எதுவும் வந்ததில்லை.

அவர் சும்மா உட்காரவில்லை. மசாலா டப்பாக்களை உயரவாரியாக நிறுத்தினார். சோம்பு இருக்கிற இடத்தில் வெந்தயம் நின்றது. அடுப்படி வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு, "இப்ப கொறை. ஏத்து, ஏத்து. ஆங், அப்படியே போ" என்று தீயை ஓட்டினார். இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மத்தியானத்தில் பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலுபேர் வந்து பேசிவிட்டுப் போவது வழக்கம். சுராயா அதிகம் பேசமாட்டாள், கேட்டுக்கொண்டிருப்பாள். ஊரில் அவளுக்குத் தெரியாதது இல்லை என்றால் காரணம் அந்த ஒருமணி நேரம்தான். கியாசுதீன் நடுவில் வந்து உட்கார்ந்து, "ம், சொல்லுங்கம்மா" என்றார். அவர்கள் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். மறுநாள் வரவில்லை.

குவைத்திலிருந்து மகன் தாஹா போன் பண்ணினான். "அத்தா, அந்த வண்டிய வித்துத் தொலைங்க. இனிமே நிம்மதியா இருங்க."

கியாசுதீனுக்குக் கண் கலங்கியது. சுராயா போனை வாங்கிக்கொண்டு மாடிப்படிக்குப் போனாள்.

"வித்தா அத்தா எங்கப்பா இருப்பாரு?"

"வீட்லதாம்மா."

"எத்தன மணி வரைக்கும்?"

"என்னம்மா கேள்வி இது? எப்பவும்தான்."

மறுநாள் காலையிலேயே, அதிகம் வாய் திறக்காத சுராயா, புருஷனையும் வேனையும் தள்ளாத குறையாக அரியமங்கலம் தைரியராஜ் பட்டறைக்குக் கொண்டுபோனாள்.

தைரியராஜ் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்தார். "வழி இருக்குக்கா. லாரியில கழட்டுன பவர் ஸ்டீயரிங் பம்பு ஒண்ணு கெடக்கு. இஞ்சின் ஓடறப்ப அது ஆயில அழுத்தித் தள்ளும். அந்த அழுத்தத்த பிரேக் பக்கம் திருப்பிவிட்டுட்டா, பாய் லேசா கால் வச்சாப் போதும், மீதிய ஆயில் மிதிச்சுக்கும்."

"இஞ்சின் நின்னுபோனா?"

"ரெண்டொரு மிதிக்கு அழுத்தம் மிச்சம் இருக்கும். அப்புறம் பெடல் கல்லுதான்."

சுராயா அதை மனதில் முடிந்துவைத்துக்கொண்டாள். கியாசுதீன் எதிர்த்த டீக்கடையில் யாரிடமோ முழங்காலைக் காட்டிக்கொண்டிருந்தார்.

வேலை முடிந்து ஓட்டிப் பார்த்தபோது, தைரியராஜ் டீ டம்ளரைக் கையில் பிடித்தபடி பின்சீட்டில் உட்கார்ந்தார். "விரலால தொடற மாதிரி தொடுங்க பாய்" என்றார். பால்பண்ணை அருகே ஒரு நாய் குறுக்கே வந்தது. கியாசுதீன் பல்லைக் கடித்தார், எழுந்தார். வேன் ஆணி அடித்த மாதிரி நின்றது. டீ தைரியராஜை விட்டுவிட்டு முன் கண்ணாடிக்குப் போனது. சுராயாவின் செருப்பு ரெண்டும் இஞ்சின் மூடிமேல் ஏறின. நாய் நின்று ஒருமுறை பார்த்துவிட்டுப் போனது.

"தொடச் சொன்னேன்ல பாய்?"

"தொட்டேனே."

"தொடல. ஏறி நின்னீங்க."

பட்டறையிலிருந்து வீடு வரைக்கும் அப்படித்தான் வந்தார்கள். மன்னிப்புக் கேட்பார், அடுத்த சிக்னலில் எழுந்திருப்பார். சங்கதி அன்றைக்கே நஜிமுதீன் காதுக்குப் போய்விட்டது. "அந்த வண்டியில தால்ச்சாவ ஏத்தறதுக்கு நானே ரோட்டுல ஊத்திட்டு வந்துடுவேன்" என்றார் பண்டாரி. மறுநாள் காலை அடுப்படி வாசலில் நாற்காலி மறுபடி போடப்பட்டது.

சுராயா நாற்காலியையும் அதில் உட்கார்ந்திருக்கிறவரையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். எழ முடிந்தால்தானே ஏறி நிற்பார்? பீரோவிலிருந்து, தான் போர்த்திக்கொள்கிற பழைய துப்பட்டியை எடுத்தாள்.

வேனில் அவரை உட்காரவைத்து, இடுப்பையும் சீட்டையும் சேர்த்து ரெண்டு சுற்றுச் சுற்றி, பின்னால் முடிச்சுப் போட்டாள். "என்ன சுராயா இது, குர்பானி ஆட்டக் கட்டற மாதிரி" என்றார். "வண்டிய எடுங்க" என்றாள். காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் வரைக்கும் போனார்கள். எழ முயலுவார், துணி இழுக்கும், கால் மட்டும் பெடலில் இருக்கும். வண்டி பதமாக நின்றது. அம்மாமண்டபம் ரோட்டில் ஒரு போலீஸ்காரர் கை காட்டினார்.

"என்னம்மா, ஆளக் கட்டிவச்சிருக்கீங்க?"

"பிரேக் ரிப்பேருங்க."

"பிரேக் ரிப்பேருன்னா இவர எதுக்குக் கட்டணும்?"

"வண்டிக்குப் பாத்தாச்சுங்க. இப்ப இவருக்குப் பாக்கறோம்."

அவர் கியாசுதீனைப் பார்த்தார். கியாசுதீன், ஆமாம் என்று தலையாட்டினார். போலீஸ்காரர் வழியை விட்டார்.

இதைக் கேள்விப்பட்ட நஜிமுதீன் ஒரே ஒரு நடைக்குச் சம்மதித்தார். டோல்கேட் தாண்டி ஒரு நிக்காஹ். தால்ச்சா அண்டாவுக்குக் காவலாகத் தானே பின்னால் ஏறி, மூடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சுராயா முடிச்சைச் சரிபார்த்துவிட்டு முன்னால் ஏறினாள்.

மேம்பாலத்து உச்சி வரைக்கும் நன்றாகத்தான் போனார்கள். இறக்கம் வந்ததும் கியாசுதீன் கியரைத் தளர்த்திவிட்டு சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்தார். டீசல் மிச்சம் என்று பழைய டிரைவர்கள் எல்லாரும் செய்கிற வேலைதான். அவர் கை அதை யோசித்துச் செய்யவில்லை. முதல் மிதிக்கு பிரேக் கேட்டது. ரெண்டாவதுக்கும் கேட்டது. மூன்றாவது மிதிக்குப் பெடல் கல்லாகிவிட்டது. கீழே ஒரு ஷேர் ஆட்டோ நடுரோட்டில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது.

எழுந்து நிற்க இதைவிட நல்ல காரணம் அவருக்கு வாய்த்ததில்லை. எழ முடியவில்லை.

"சுராயா! முடிச்ச அவுத்துவிடு!"

சுராயா முடிச்சைத் தொடவில்லை. எட்டிச் சாவியைத் திருகினாள். இஞ்சின் ஒருமுறை இருமி, பிடித்துக்கொண்டது. பெடல் அவர் காலுக்குக் கீழே வெண்ணெய் போல இறங்கியது. ஷேர் ஆட்டோவுக்கு ஒரு முழம் பின்னால் வேன் சத்தமில்லாமல் நின்றது.

பின்னாலிருந்து குரல் வந்தது. "கியாசு! எப்பய்யா நிறுத்துவ? கை வலிக்குது!"

"நின்னாச்சு பாய்."

"பொய் சொல்லாத. நின்னிருந்தா நான் முன்னாடி வந்து விழுந்திருப்பேனே!"

அப்புறம் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். மூடியைத் திறந்து உள்ளேயும் பார்த்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. கியாசுதீனின் முகம் வெளுத்திருந்ததையும், சாவிமேல் இருந்த கை யாருடையது என்பதையும் கடைசியாகப் பார்த்தார்.

மஹாலில் இறக்கி முடித்ததும் அவர் சுராயாவிடம் வந்தார். "தங்கச்சி, வேலைய இவருக்கே தர்றேன். ஆனா நீ கூட வரணும். நீ ஏறினாத்தான் அண்டா ஏறும்."

"நான் எதுக்குண்ணே? வீட்ல ஆயிரம் வேலை கெடக்கு."

"அப்ப இவர வீட்லயே வச்சுக்க."

சுராயா கியாசுதீனைப் பார்த்தாள். அவர் மஹால் சமையல்கட்டு வாசலில் நின்று, அங்கிருந்த ஆளிடம் தீயைக் குறைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். "வர்றேண்ணே" என்றாள்.

இப்போது வேன் தினமும் ஓடுகிறது. கியாசுதீனின் முழங்காலில் வீக்கம் இல்லை. முன்சீட்டில் சுராயா இருக்கிறாள். இறக்கத்தில் அவர் கை சாவிப் பக்கம் போனால் தட்டிவிடுகிறாள். வீடு பகல் முழுக்கப் பூட்டிக் கிடக்கிறது. மத்தியானம் பேச வருகிற பெண்களுக்கும் பூட்டுதான்.