அடுத்த அறையில் வாசிக்காத சீட்டு

நான் ஒரு சீட்டை வாசிக்கவில்லை. வேண்டுமென்றேதான் வாசிக்கவில்லை!

இவ்வளவுதானா என்று சிரிக்காதீர்கள். அதனால்தான் நான் முதல் பரிசு வாங்கினேன்.

தொண்ணூறுகளின் நடுவில், பாளையங்கோட்டையில், கல்லூரிகளுக்கு இடையே கணினி நிரல் எழுதும் போட்டி. அம்பாசமுத்திரத்திலிருந்து நானும் என் வகுப்புத் தோழி எஸ்தரும் ஒரே பேருந்தில் போனோம். முதலிடம் பெறுபவர் சென்னைப் போட்டிக்குப் போகலாம்; இருவர் சமமாக வந்தால் இருவருமே போகலாம். வழியெல்லாம் அதே பேச்சு.

"ரயில்ல மேல் பெர்த்து எனக்குத்தான் ஏட்டி, இப்பமே சொல்லிட்டேன்!" என்றாள்.

போட்டியில் கொடுத்த கணக்கு எளிது. மதிப்பெண்களை வாங்கித் தரவரிசையை அச்சிட வேண்டும். ஆனால் இருவர் சேர்ந்து முதலிடத்தில் நின்றால், அடுத்தவருக்கு இரண்டாம் இடமா, மூன்றாம் இடமா? வினாத்தாளில் அது இல்லை. சந்தேகத்தைச் சீட்டில் எழுதி நடுவரிடம் நீட்டலாம். கேட்டவரே பதிலை எல்லாருக்கும் உரக்க வாசிக்க வேண்டும். காலையிலேயே சொல்லிவிட்ட விதி.

நான் நீட்டிய சீட்டில் நடுவர் 'மூன்றாம் இடம்' என்று எழுதித் தந்தார். "அடுத்த ரூம்லயும் சத்தமா வாசிச்சிருங்கம்மா."

அடுத்த அறையில் இருந்தது ஒரே ஒரு கணினி. குலுக்கலில் அது எஸ்தருக்கு விழுந்திருந்தது.

எங்கள் அறையில் கணீரென்று வாசித்தேன். அவள் அறை வாசல்வரை போனேன்... முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி தட்டிக்கொண்டிருந்தாள். என்னைவிட எவ்வளவு வேகம்! சீட்டைக் கைக்குள் மடக்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

நேரமில்லை என்றா? பொய்! வாசிக்க ஐந்து விநாடி போதாதா? அவள் தோற்க வேண்டும் என்றா நினைத்தேன்? இல்லை... ஒருமுறை, ஒரே ஒருமுறை, அவளில்லாமல் நான் மட்டும் முதலாவதாக நிற்க ஆசைப்பட்டேன்.

நடுவர் நிரல்களை ஓட்டிப் பார்த்தபோது, மற்ற சோதனைகள் எல்லாவற்றிலும் இருவரும் சரி. இருவர் சமமாக முதலிடத்தில் நின்ற அந்த ஒன்றில் மட்டும் அவள் நிரல், மூன்றாமவருக்கு இரண்டாம் இடம் கொடுத்திருந்தது. "பதிலத்தான் வாசிச்சாங்களேம்மா" என்று நடுவர் அவளிடம் சொன்னார்.

எஸ்தர் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிச் சுற்றினாள். "நீ வந்து வாசிச்சது எங்காதுலயே விழல பாத்தியா! கிறுக்கி மாரி தட்டிக்கிட்டே இருந்திருக்கேன்!"

"ஆமா" என்றேன்.

திரும்பும் பேருந்தில் அவள் பார்த்தவரிடமெல்லாம் என் பரிசைக் காட்டினாள். நடத்துநர், "முதப் பரிசுக்கு முன் சீட்டுதான் தாயி!" என்று முன்னிருக்கையை ஒழித்துத் தந்தார். பேருந்தே கைதட்டியது. வயிறு வலிக்கச் சிரித்தேன். சென்னைக்குத் தனியாகப் போனபோது மேல் பெர்த்தில் ஏறிப் படுத்தேன். அங்கே ஒரு பரிசும் கிடைக்கவில்லை. ஆனாலும் அத்தனை மகிழ்ச்சி! இதையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறேன். உறுத்தவே இல்லை, அப்போது.

எஸ்தர் இன்று கணினி ஆசிரியை. எங்கள் சிரிப்பு மட்டும் குறையவே இல்லை. நேற்றுகூடத் தொலைபேசியில் ஒரு முகவரி கேட்டாள். நான் வேகமாகச் சொல்லச் சொல்ல இடைமறித்தாள்.

"பைய சொல்லு ஏட்டி, ரெண்டு தடவ சொல்லு. என் காதப் பத்தித்தான் ஒனக்குத் தெரியும்லா!"

சிரித்தேன். பைய, இரண்டு தடவை, முகவரியைச் சொன்னேன்.