குஜிலியம்பாறைப் பக்கம் கேபிள் வெட்டப் போன சனிக்கிழமை

என் தோழி ஜெசிந்தா திண்டுக்கல்லில் வீடுகளுக்கு இணைய இணைப்பு கொடுக்கும் தொழில் செய்கிறாள். குஜிலியம்பாறைக்கு அப்பால் ஒரு சிற்றூரில், ஒயர் இழுக்காமலே ஊருக்கு இணையம் தரும் வயர்லெஸ் பேஸ் ஸ்டேஷன் வைக்க வேண்டும், கூடமாட ஆள் இல்லை என்று சென்ற மாதம் அழைத்தாள். கோவில், மலை என்றே சுற்றிய எனக்கு இது புதிது. சனிக்கிழமை காலை ஆறரைக்குக் கிளம்பினோம்.

ஏரியோடு வழியாக ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர், வேனில் ஒரு மணி நேரம். மானாவாரிக் காடுகளில் சோளம் முழங்கால் உயரம் நின்றது. வழியில் ஒரு கடையில் பணியாரம் சாப்பிட்டோம். அந்தக் காரச் சட்னிக்காகவே இன்னொரு முறை போகலாம்.

ஊரில் எங்களுக்காகக் காத்திருந்தவர் ஆடு வளர்க்கும் சவரிமுத்து அண்ணன். அவர் மகள் ரீட்டா கபடி ஆடுகிறாள். அன்று மாலை நான்கு மணிக்குச் சென்னையில் அவளுக்கு இறுதிப் போட்டி, இணையத்தில் நேரலை. ஊருக்குள் சிக்னல் கிடையாது. “நாலு மணிக்குள்ள வந்துருமா தாயி?” என்று கேட்டார். வந்துவிடும் என்று ஜெசிந்தா வாக்குக் கொடுத்துவிட்டாள்.

ஸ்டேஷனின் ஆண்டெனா ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் உச்சியில், அதற்கு மின்சாரம் தரும் பெட்டி கீழே தொட்டியை அடுத்த நூலகத்தில். இரண்டையும் இணைக்கும் கேபிளைத் தரையிலேயே தயார் செய்துகொள்ள வேண்டும். உச்சியில் நின்று நுணுக்க வேலை பார்க்க முடியாது. களத்தில் நீட்டி, அளந்து வெட்டினோம். மேலுறையைச் சீவி, உள்ளே இருக்கும் எட்டு ஒயர்களை நிற வரிசையில் அடுக்கி, கனெக்டரில் செருகி அழுத்த வேண்டும். நான் போட்ட முதல் இரண்டும் வீண். மூன்றாவதில் டெஸ்டர் விளக்குகள் வரிசையாக எரிந்தபோது, மலையேறி முடித்த சந்தோஷம்.

சாப்பிட்டுவிட்டு வந்தால், அண்ணனின் ஆடு ஒன்று கேபிள் முனையை மென்றுகொண்டிருந்தது. உறை பிய்ந்து ஒயர் தெரிந்தது. வேனில் மீதிக் கேபிளும் இல்லை. அண்ணனின் முகம் சுருங்கிப்போனது. “என் மக ஆட்டத்த என் ஆடே கெடுத்துருச்சே” என்றார்.

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “செத்த பொறுங்கண்ணே. கேபிள் எட்டலேன்னா பெட்டிய இங்கிட்டு கொண்டாந்துருவோம்.”

கடித்த பகுதியை வெட்டிவிட்டுப் புது கனெக்டர் போட்டோம். உள்சுவரில் மாட்டியிருந்த பெட்டியைக் கழற்றி ஜன்னலோரம் பொருத்தினோம். குறுக்கே நின்ற புத்தக அலமாரியை அண்ணன் தனியாளாக நகர்த்தினார். ஜெசிந்தா பாதுகாப்புப் பட்டை கட்டிக்கொண்டு தொட்டியில் ஏறினாள், நான் கீழிருந்து கேபிளை விட்டேன். மழைநீர் புகாதபடி மேல் இணைப்பில் டேப் சுற்றிவிட்டு அவள் இறங்கும்போது நாலேகால்.

நூலகத் திரையில் படம் வந்ததும் ஊரே உள்ளே நெருக்கியடித்தது. ரீட்டா பாடிப்போய் மூன்று பேரைத் தொட்டுத் திரும்பினாள். கடைசியில் ஒரே ஒரு புள்ளியில் அவள் அணி ஜெயித்தது.

இப்படிப்பட்ட வேலைக்குத் துணையாகப் போகிறவர்களுக்கு: தொப்பியும் தண்ணீரும் அவசியம். கேபிளை நாலடி கூடுதலாகவே வெட்டுங்கள். வெட்டியதைச் சுருட்டி உயரத்தில் தொங்கவிட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். எங்களைப் போல வேன் இல்லையென்றால் திரும்பும் பேருந்து நேரத்தைக் காலையிலேயே கேட்டுவையுங்கள்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. அந்தக் கடைசிப் புள்ளியை நான் பார்க்கவே இல்லை. எங்களை முன்வரிசையில்தான் உட்கார வைத்திருந்தார்கள். அண்ணன் எழுந்துபோய்த் திரையை ஒட்டி நின்றுவிட்டார். அத்தனை பேரில் ஒருவர்கூட அவரை உட்காரச் சொல்லவில்லை.