வலப்பக்கம் சாய்ந்த வண்டி

நம்புகிறவர்கள் நம்புங்கள், சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். நடந்ததில் ஒரு எழுத்தைக்கூட நான் கூட்டிச் சொல்லப்போவதில்லை. முப்பத்தொரு வருஷம் நெப்ராஸ்காவில் மாட்டிறைச்சி ஆலையில் கத்தி பிடித்தவள் நான். ரத்தத்துக்கோ குளிருக்கோ இருட்டுக்கோ முகம் சுளித்ததில்லை. குடிப்பழக்கம் கிடையாது. கண்ணும் காதும் இன்னும் நன்றாகவே வேலை செய்கின்றன.

ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றுவிட்டு ஒரு வீட்டுவண்டி வாங்கினேன். இருபத்துநாலு அடி நீளம். அடுப்பு, கட்டில், கழிப்பறை எல்லாம் உள்ளேயே. இதைத் தவிர எனக்கு வேறு வீடு இல்லை.

என் மகன் பெயர் பிரெண்ட். அவனுக்கு இது பிடிக்கவே இல்லை. "அறுபத்தாறு வயசுல தனியா பாலைவனத்துல என்னம்மா வேலை? எங்க வீட்டுக் கீழ் ரூம் சும்மாதானே கிடக்கு" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தான். கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். ஒரே ஒரு தடவை நான் உதவிக்கு யாரையாவது கூப்பிட்டாலும் போதும், வண்டியை விற்றுவிட்டு அந்தக் கீழ் ரூமுக்குப் போய்விட வேண்டும். தரைக்குக் கீழே இருக்கிற ரூம். ஜன்னல் என்று பெயருக்கு ஒரு சந்து. செத்தாலும் போகமாட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, வாயால் சரி என்றேன்.

அதனால் என் வண்டி நிறையக் கருவிகள். டயரில் காற்று குறைந்தால் கத்த ஒன்று. கேஸ் கசிந்தால் கத்த ஒன்று. சிக்னல் இல்லாத இடத்திலும் வழிகாட்டும் மேப். காசில்லாமல் எங்கே தங்கலாம் என்று சொல்லும் ஆப். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது கொத்தனார் ரசமட்டம் போல வேலை செய்கிற ஒரு சின்னப் பெட்டி. உள்சுவரில் ஒட்டிவிட்டால் வண்டி எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்து நிற்கிறது என்று போனில் காட்டும். சாய்ந்து நின்றால் ஃபிரிட்ஜ் கெட்டுப்போகும், தூக்கமும் வராது. டயருக்கு அடியில் பிளாஸ்டிக் கட்டைகளைக் கொடுத்து, போனில் பூஜ்யம் வரும்வரை முன்னும் பின்னும் நகர்த்துவோம். பூஜ்யம் வராமல், இப்படி வண்டியிலேயே குடியிருக்கிற எங்கள் கூட்டத்தில் யாரும் சாப்பிட உட்காரமாட்டார்கள். அதில் ஒரு பெருமை.

டிசம்பர் மாதம், நியூ மெக்சிகோ. ஆப் ஒரு இடத்தைக் காட்டியது. அரசாங்க நிலம். பதினாலு நாள்வரை தங்கலாம், சிக்னல் நன்றாகக் கிடைக்கும். தங்கிப்போனவர்கள் எல்லோரும் அருமையான இடம் என்று எழுதியிருந்தார்கள். ஆனால் ஒருவர்கூட ஒரு ராத்திரிக்கு மேல் தங்கவில்லை. கவனித்தேன். பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஐந்தரைக்கே இருட்டிவிட்டது. பூஜ்யம் வந்தது. கதவைப் பூட்டினேன். மாட்டுக்கறியும் பீன்ஸும் போட்ட காரக்குழம்பைச் சூடாக்கிக்கொண்டு மேஜையில் உட்கார்ந்தேன்.

6:10. போன் 'டிங்' என்றது.

வலப்பக்கம் சாய்வு.

மண் இறங்கியிருக்கும் என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். கட்டைகள் வைத்தது வைத்தபடியே இருந்தன. மண் கெட்டியாக இருந்தது. காற்று துளிகூட இல்லை. உள்ளே வந்து கதவைப் பூட்டிவிட்டுப் பார்த்தால், மறுபடி பூஜ்யம். மலிவாக வாங்கிய சாமான் புத்தியைக் காட்டுகிறது என்று திட்டிவிட்டு ஸ்பூனை எடுத்தேன்.

6:25. 'டிங்'.

மறுபடியும் வலப்பக்கம். இந்தத் தடவை போன் சொல்வதற்கு முன்னால் என் உடம்புக்கே தெரிந்தது. வீட்டுவண்டியில் குடியிருப்பவர்களுக்கு இந்த அசைவு நன்றாகத் தெரியும். யாராவது படியில் கால் வைத்து ஏறினால் வண்டி அந்தப் பக்கம் லேசாக அமுங்கும். என் வண்டிக்குக் கதவும் படியும் வலப்பக்கம்.

அமுங்கிய வண்டி நிமிரவில்லை.

கதவைப் பார்த்தேன். பூட்டு போட்டபடியே இருந்தது.

பயந்துவிட்டேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. பிரெண்ட்.

"சாப்டாச்சாம்மா?"

"சாப்டுக்கிட்டே இருக்கேன்."

"என்ன, மூச்சு வாங்குது?"

"குழம்பு காரம்டா."

"கூட யாரு?"

"யாருமில்ல. ஏன்?"

"யாரோ தொண்டையச் செருமுன மாதிரி கேட்டுச்சே… அம்மா, பயமா இருந்தா சொல்லு. போலீசுக்கு போன் பண்ணி ஆள் அனுப்பச் சொல்றேன். ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

அந்த ஒரு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. கீழ் ரூம் ஞாபகம் வந்தது. விழுங்கிவிட்டேன்.

"பயமா? எனக்கா? போடா, போய் உன் புள்ளைங்களத் தூங்க வை."

வைத்துவிட்டேன்.

6:34. சாய்வு நகர ஆரம்பித்தது.

கதவுப் பக்கமிருந்து… உள்ளே. தரைப்பலகை 'கிரீச்' என்றது. நின்றது. மறுபடி… 'கிரீச்'.

என் வண்டியில் நடக்கிற வழி ரொம்பக் குறுகல். ஒருவர் நிற்கும்போது இன்னொருவர் கடக்கவேண்டுமென்றால் பக்கவாட்டில் திரும்பி வயிற்றை எக்கினால்தான் முடியும். நான் எழுந்து அந்த வழியின் நடுவில் நின்றுகொண்டேன். இரண்டு கையையும் இரண்டு பக்கமும் ஊன்றினேன்.

"எங்க போற?" என்றேன். "பின்னால என் கட்டில் இருக்கு. ஒரு அடி எடுத்து வச்சுப் பாரு."

குளிர் என் முகத்துக்கு நேராக வந்து நின்றது. ஐஸ் அறையில் வருஷக்கணக்கில் வேலை செய்தவள் நான். இப்படி ஒரு குளிர் பார்த்ததில்லை.

பிறகு… என் சட்டை வயிற்றோடு ஒட்டியது.

ஏதோ ஒன்று… பக்கவாட்டில் திரும்பி… என்னை உரசிக்கொண்டு…

கடந்து போனது.

'டிங்'.

பின்பக்கம். வலது மூலை.

கட்டில் ஸ்பிரிங் 'ஞொய்ங்' என்றது.

படுத்துவிட்டது.

ஓடியிருக்கலாம். சாவி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அந்த மண்பாதையில் இருட்டில் ஓட்டி மாட்டிக்கொண்டால், இழுக்க ஆள் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் வண்டி போச்சு. அதைவிட, என் வீட்டைவிட்டு நான் எதற்கு ஓடவேண்டும்? பயம் இருந்த இடத்தில் கோபம் ஏறியது. நல்ல கோபம், தலைவலி வருகிற அளவுக்கு.

நேராகக் கட்டிலுக்குப் போனேன். போர்வை நடுவில் குழிந்திருந்தது.

"முப்பத்தொரு வருஷம் வெரலு மரத்துப்போக வெட்டிச் சம்பாதிச்சு வாங்கின கட்டில் இது. நீ வாடகை குடுத்தியா? ஒரு பாத்திரம் கழுவினியா? தள்ளு அந்தப் பக்கம்!"

போர்வையை உருவி இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தேன். விடியும்வரை கண்ணை மூடக்கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். எப்படியோ தூங்கிப்போயிருக்கிறேன்.

விடிந்ததும் முதல் வேலையாக அந்தப் பெட்டியைச் சுவரிலிருந்து பிய்த்துக் குப்பையில் போட்டேன். மேஜைமேல் ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்தால் சாய்வு தெரியாதா என்ன? கிளம்பவும் இல்லை. வீம்புக்கென்றே அந்த இடத்தில் இன்னும் நாலு நாள் இருந்தேன். ஒரு சத்தம் இல்லை, குளிர் இல்லை. துரத்திவிட்டேன் என்று தலைகால் புரியவில்லை எனக்கு. பிரெண்ட் கேட்டபோதெல்லாம் நல்ல தூக்கம் என்றேன்.

பிப்ரவரியில் அரிசோனா. எங்களைப் போன்றவர்கள் நூற்றுக்கணக்கில் வண்டிகளோடு கூடுகிற இடம். அங்கே ஆர்லோ என்று ஒருவர் வண்டிகளுக்கு எடை போடுவார். ஒவ்வொரு மூலைச் சக்கரத்துக்கு அடியிலும் ஒரு எடைப்பலகை. ஒரு மூலையில் பாரம் கூடினால் டயர் வெடித்துவிடும் என்பதால் எல்லோரும் போட்டுக்கொள்வோம். பட்டப்பகல். நல்ல வெயில். வண்டியைப் பலகைமேல் ஏற்றி நிறுத்திவிட்டு இறங்கி, அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

ஆர்லோ கையிலிருந்த சின்னத் திரையைப் பார்த்துப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"என்னங்க?"

"மூணு மூலை சரியா இருக்கு. பின்னால வலது மூலை மட்டும் நிக்கவே மாட்டேங்குது. ஏறுது, இறங்குது." எரிச்சலோடு என்னைப் பார்த்தார். "உள்ள இருக்கிறவங்களக் கொஞ்ச நேரம் அசையாம உக்காரச் சொல்லுங்க டெலோரிஸ். பொரண்டு பொரண்டு படுத்தா எப்படி எடை போடுறது?"

வண்டிக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை.

ஆர்லோ காத்துக்கொண்டு நின்றார். சுற்றிலும் அத்தனை பேர். கத்தியிருந்தால் ஓடி வந்திருப்பார்கள். நான் கத்தவில்லை. வண்டியின் பின்பக்கம் போய், கட்டில் இருக்கிற மூலைச் சுவரை உள்ளங்கையால் ஓங்கி இரண்டு தட்டு தட்டினேன்.

"ஏய்! அசையாம கெட!"

ஆர்லோ திரையைப் பார்த்தார்.

"ம்… இப்ப நின்னுடுச்சு" என்றார். "சொன்ன பேச்சக் கேக்குற ஆளுதான்."

இன்றைக்கும் அந்தக் கட்டிலில்தான் படுக்கிறேன். பிரெண்டிடம் எதுவும் சொல்லவில்லை.