கொரியாக் கம்பளி

கொரியா என்பது ஒரு நாட்டின் பெயர் என்று தெரிவதற்கு முன்பே அது ஒரு கம்பளியின் பெயர் என்று எனக்குத் தெரியும். சிவகங்கைப் பக்கம் அம்மாவின் சொந்தக்காரர்கள் யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் பீரோவுக்கு மேல் அது உட்கார்ந்திருக்கும். ஜிப் வைத்த கண்ணாடிப் பைக்குள், சிவப்பிலோ மெரூனிலோ, பெரிய பெரிய பூக்களோடு. வசதியான வீடாக இருந்தால் புலிப் படம். கோடையில் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு மேல்சட்டை இல்லாமல் படுக்கிற ஊர் அது. அந்தக் கம்பளியை அங்கே ஒருவர்கூடப் போர்த்திப் படுத்து நான் பார்த்ததில்லை. கல்யாணத்துக்கு எந்தப் பையில் வந்ததோ, பேரன் பேத்தி எடுத்த பிறகும் அதே பையில்தான் இருக்கும்.

அந்தக் கம்பளிகளில் பாதிக்கு மேல் தாத்தா கொண்டுபோய்க் கொடுத்தவை. தாத்தா என்றால் அம்மாவின் அப்பா. இளவயதில் கத்தாருக்குப் போய், உம் சயீதில் ஒரு கொரியக் கம்பெனியில் கம்பி கட்டும் வேலையில் தொடங்கியவர். பிறகு கம்பெனி மாறினாலும் பழக்கம் மாறவில்லை. லீவுக்கு வரும்போதெல்லாம் கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகளோடு தனியாக ஒரு கம்பளியும் வரும். தங்கை மகள், அண்ணன் மகள், ஒன்றுவிட்ட மச்சினன் மகள் என்று அந்த வருடம் யாருக்குக் கல்யாணமோ, அவளுடைய சீர்வரிசையில் பித்தளைப் பானைகளுக்கு நடுவில் அது இடம் பிடித்துக்கொள்ளும். வந்தவர்கள் பையின் மேல் கையை வைத்து ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் பந்திக்குப் போவார்களாம்.

அவருடைய ஒரே மகளுக்குக் கல்யாணமான வருடம் மட்டும் கம்பளி வரவில்லை. கம்பெனியில் வேலை முடிந்து எல்லாருக்கும் விசா கேன்சல் ஆகி, தாத்தா ஒரு கைப்பையோடு வந்து இறங்கினார். மற்றபடி சீர் நிறைவாகத்தான் செய்தார். ஆனால் பானைகளுக்கு நடுவில் என்ன இல்லை என்பதைக் கவனிக்காத கண் அந்தக் கல்யாணத்தில் இல்லை. "ஊருக்கெல்லாம் போத்திவிட்டவன், பெத்த மகளுக்கு ஒன்னு வச்சிருக்கப்படாதா" என்று பந்தியில் ஒரு அத்தை சொன்னது தாத்தாவின் காதிலும் விழுந்ததாம். அம்மா இதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவளுக்கு அது பழைய கதை.

அப்பாவுக்கும் கத்தாரில்தான், ராஸ் லஃபானில் வேலை. நாங்கள் தோஹாவில் இருந்தோம். எனக்குப் பத்து வயது. பெருநாள் லீவுக்கு எங்கே போகலாம் என்ற பேச்சு வந்தபோது நானும் அம்மாவும் கொரிய சீரியல் பைத்தியம் பிடித்து அலைந்துகொண்டிருந்தோம். அப்பா கேட்டு வாயை மூடுவதற்குள் இருவரும் கொரியா என்றோம். தாத்தா அப்போது விசிட் விசாவில் வந்து எங்களோடு இருந்தார். அதுவரை துபாய், இஸ்தான்புல் என்று எந்தப் பெயர் சொன்னாலும் "நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டப் பாத்துக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், செய்தியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுத் திரும்பினார்.

"கொரியாவா? அப்ப நானும் வாரேன் மாப்ளே. ஒரு கம்பளி வாங்கணும்."

"யாருக்கு மாமா?"

"இவளுக்குத்தான்" என்று அம்மாவைக் காட்டினார்.

அம்மா சிரித்தாள். வெளியே அனல் அடித்துக்கொண்டிருந்தது. அது சும்மா பேச்சு என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம்.

சியோலில் இறங்கியபோது மழை. அம்மா பெட்டியில் ரைஸ் குக்கர் கொண்டுவந்திருந்தாள். புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, அப்பளம், எல்லாம் இருந்தன. மாட்டுக்கறி எதில் இருக்கும் எதில் இருக்காது என்று தெரியாத ஊரில் வயிற்றைக் காயப்போட முடியாது என்பது அவள் கட்சி. ஆனால் தாத்தா முதல் நாளே உணவுக்கடையில் அவர்கள் ஊர் முட்டைக்கோஸ் ஊறுகாயான கிம்ச்சித் தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, வெள்ளைச் சோற்றோடு பிசைந்து, இன்னொரு தட்டு வேண்டும் என்று சைகை காட்டினார். எங்களுக்குத்தான் ஆச்சரியம். அவர் பாட்டுக்கு, ரொம்ப நாள் கழித்துச் சொந்தக்காரர் வீட்டில் சாப்பிடுகிறவர் போலச் சாப்பிட்டார்.

கையைத் துடைத்த கையோடு தொடங்கியது தேடல். முகத்துக்குப் பூசும் கிரீம் கடைகளுக்குள் நானும் அம்மாவும் நுழைந்தால், தாத்தா அப்பாவை இழுத்துக்கொண்டு பக்கத்தில் மெத்தை விற்கிற கடை இருக்கிறதா என்று பார்க்கப் போய்விடுவார். பெரிய கடைகளில் சின்னப் பெண்கள் தலை வணங்கி வரவேற்று, மடித்து வைத்த மெல்லிய போர்வைகளைக் காட்டினார்கள். எல்லாம் வெள்ளை, சாம்பல், லேசான நீலம். பூவும் இல்லை, புலியும் இல்லை. தாத்தா ஒரு போர்வையை ஒற்றை விரலால் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

"இது கம்பளியா? துப்பட்டா மாதிரி இருக்கு."

"மாமா, அவங்க நாட்டுல இப்ப இதுதான் போல."

"அது இல்ல மாப்ளே. நல்ல சரக்க பூரா ஏத்துமதி பண்ணிருவான். நம்ம ஊர்ல நல்ல எறால் நமக்கா கெடைக்குது? அது மாதிரிதான். உள்ள வச்சிருப்பான், கேட்டாத்தான் எடுப்பான்."

ஒவ்வொரு கடையிலும் அவர் கண்ணை உள்ளறைக் கதவின் மேல் வைத்துக்கொண்டு நின்றார். விற்கிற பெண் ஃபோனில் மொழிபெயர்ப்பை ஓடவிட்டு எங்களிடம் நீட்டினாள். "இப்போது கோடை காலம்" என்று அதில் ஆங்கிலத்தில் வந்தது.

நான் சீரியலில் பார்த்த அரண்மனைக்குப் போகிற நாளில்தான் சண்டை வந்தது. கொரிய உடையை வாடகைக்கு எடுத்துப் போட்டுக்கொண்டு படம் எடுப்பதாகத் திட்டம். சுரங்கப்பாதைக் கடைகளுக்குள் போன தாத்தாவைக் காணவில்லை. அவரிடம் ஃபோன் இருந்தது, சிம் இல்லை. நாங்கள் ஆளுக்கொரு பக்கம் தேடி, கடைசியில் ஒரு மெத்தைக் கடையின் வாசலில் அவரைக் கண்டுபிடித்தபோது அரண்மனையை மூடிவிட்டார்கள். நான் அழுதேன். அம்மா என்னைச் சமாதானப்படுத்தவில்லை. நேராக அவரிடம் போனாள்.

"எனக்கு வேணாம்ப்பா. அத எடுத்துக்கிட்டுப் போனா பெட்டி எடை ஏறிரும். தோஹா வெயில்ல அதப் போத்திக்கிட்டு யாரு படுப்பா? நான் என்னைக்காவது உங்ககிட்ட கம்பளி வேணும்னு கேட்டேனா?"

தாத்தா கோபப்படவில்லை. குடையை மடக்கித் தண்ணீரை உதறினார்.

"நீ எதத்தான் கேட்ட ஆத்தா" என்றார்.

ஹோட்டலுக்குத் திரும்பினோம். அப்பா மட்டும் வழியெல்லாம் கட்டடங்களின் உயரத்தைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார், பாவம்.

மறுநாள் ரயிலில் பூசான் போனோம். கடல் இருந்தது, மழை விட்டிருந்தது. மீன் சந்தையில் உயிரோடு நீந்துகிற மீன்களைப் பார்த்ததும் எல்லாருக்கும் கொஞ்சம் முகம் தெளிந்தது. தாத்தா கம்பளிப் பேச்சை எடுக்கவே இல்லை. அவர் எடுக்காதது அம்மாவை உறுத்தியிருக்க வேண்டும். பழைய சந்தை ஒன்றில் சுற்றும்போது, சாலையோரப் பலகாரத்தைத் தின்றுகொண்டே அவளாகத்தான் மெத்தைக் கடைச் சந்துக்குள் திரும்பினாள்.

சந்தின் கோடியில் ஒரு சிறிய கடை. தலையணைகளுக்கு நடுவில் தாத்தா வயதுள்ள ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தாத்தா வழக்கம்போல இரண்டு கைகளையும் விரித்து, அகலம் காட்டி, கனம் காட்டி, காற்றில் பூ வரைந்தார். அவர் பார்த்துவிட்டு இல்லை என்று கையை ஆட்டினார். தாத்தா பெருமூச்சு விட்டு, எங்கள் பக்கம் திரும்பி, "மாஃபி" என்றார். இல்லை என்பதற்கு அரபியில் சொல்கிற வார்த்தை. தோஹாவில் நாள் முழுக்கக் காதில் விழுவது.

கடைக்காரர் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார்.

"மாஃபி?" என்றார். பிறகு முகமெல்லாம் பல்லாக, "மாஃபி முஷ்கில்! சௌதி? இன்த்த சௌதி?" பரவாயில்லை, நீங்கள் சௌதியில் இருந்தவரா என்று.

"லா லா. கத்தர். உம் சயீத்" என்றார் தாத்தா.

"அனா ஜுபைல்!" என்று அவர் தன் நெஞ்சில் தட்டிக்கொண்டார். சௌதியில் ஜுபைலில் வேலை பார்த்தவராம்.

அடுத்த அரைமணி நேரம் எங்களை யாரும் சட்டை செய்யவில்லை. கொரியாவில் ஒரு சந்தில் இரண்டு கிழவர்கள் சைட்டில் கற்றுக்கொண்ட அரபியில் பேசினார்கள். இலக்கணம் என்று எதுவும் கிடையாது, பெயர்களும் கைகளும்தான். வெயில் ரொம்ப என்று ஒருவர் நெற்றியை வழித்துக் காட்டினால் மற்றவரும் தன் நெற்றியை வழித்துக் காட்டினார். தாத்தா "பல்லி, பல்லி" என்று ஃபோர்மேன் மாதிரிக் கத்த, கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சீக்கிரம், சீக்கிரம் என்று அர்த்தமாம். தாத்தாவுக்குக் கொரிய மொழியும் தெரியும் என்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. காகிதக் கோப்பைகளில் எங்களுக்கெல்லாம் காபி வந்தது.

கம்பளி யாருக்கு என்று அவர் கேட்டார் போல. தாத்தா அம்மாவைக் காட்டி, "பின்த்" என்றார். மகள். "ஸவாஜ்" என்றார். கல்யாணம். பிறகு தன் உள்ளங்கைகளை விரித்து, "ஷுகுல் மாஃபி. பத்தானியா மாஃபி" என்றார். வேலை இல்லை. கம்பளி இல்லை.

பள்ளிக்கூடத்தில் அரபி படித்தவள் நான். ஒவ்வொரு வார்த்தையும் எனக்குத் தெரிந்ததுதான். அம்மாவுக்கும் தெரியும். அவள் சட்டென்று எதிர்க்கடைப் பக்கம் திரும்பி, தொங்கிக்கொண்டிருந்த காலுறைகளைப் பார்க்க ஆரம்பித்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள், ஒன்றும் வாங்கவில்லை.

கடைக்காரர் சிரிப்பதை நிறுத்தியிருந்தார். அவரும் கையைத் தாழ்த்தி ஒரு குழந்தையின் உயரத்தைக் காட்டி, பிறகு அதைத் தலை வரைக்கும் உயர்த்தி, "அனா பின்த்... அனா மாஃபி ஷூஃப்" என்றார். அவருக்கும் ஒரு மகள், அவள் வளர்ந்ததை அவர் பார்க்கவில்லை. தாத்தா அவர் தோளில் கை வைத்தார். இருவரும் கொஞ்ச நேரம் காபியைக் குடித்தார்கள்.

கிளம்பும்போது கடைக்காரர் அலமாரிகளைச் சுற்றிக் காட்டி, "ஹினா மாஃபி" என்றார். பிறகு மேற்கே எங்கேயோ கையை வீசி, "குல்லு ரூஹ் தோஹா, துபாய்" என்றார். எல்லாம் அங்கே போய்விடுகிறதாம்.

தாத்தா வெற்றியோடு அப்பாவைப் பார்த்தார். "நான் சொன்னேன்ல மாப்ளே. பூரா ஏத்துமதி."

அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஆக, கொரியாவிலிருந்து நாங்கள் கிரீம், மாஸ்க், கடல்பாசி, எனக்கு ஒரு குடை, தாத்தாவுக்குக் கடைக்காரர் இனாமாகக் கொடுத்த ஒரு தலையணை உறை, இவற்றோடு திரும்பினோம். பெட்டியில் எடைக்கு இடம் மிச்சமிருந்தது.

தோஹா திரும்பிய வெள்ளிக்கிழமை, திரைச்சீலைத் துணி பார்க்கணும் என்று அம்மா எங்களை நஜ்மா கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனாள். துணிக்கடைகளைத் தாண்டி நடந்து ஒரு கீழக்கரைக்காரர் கடைமுன் நின்றாள். உள்ளே கூரை வரைக்கும் கண்ணாடிப் பைகள். சிவப்பு, மெரூன், பச்சை. பூ, மயில், புலி.

"வாங்க வாங்க. கொரியாதானே? ஒரிஜினல் இருக்கு" என்றார் கடைக்காரர்.

தாத்தா வாசலிலேயே நின்றுவிட்டார். அம்மா அவர் பக்கத்தில் போய் நின்றாள். அவள் குரலை அப்படி நான் கேட்டதில்லை. என் வகுப்பில் யாரோ பேசுவது போல இருந்தது.

"அப்பா, எனக்கு ஒரு கம்பளி வாங்கிக் குடுங்கப்பா."

தாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடையில் தூசி ஜாஸ்தி என்றார். அப்புறம் அம்மா லேசில் விடவில்லை. இது வேண்டாம், அதை எடுங்க, மேலே இருக்கிறதைக் காட்டச் சொல்லுங்கப்பா என்று அவரைப் படாதபாடு படுத்தினாள். அவர் ஒவ்வொரு பையையும் அமுக்கிப் பார்த்து, தூக்கிக் கனம் பார்த்து, ஒன்றைத் தள்ளி ஒன்றை எடுத்தார். கடைசியில் சிவப்பில் பெரிய பூப் போட்டது முடிவாயிற்று. அது நிஜமாகவே கொரியாவில் செய்ததுதானா என்று பார்க்க அப்பா பையைத் திருப்பப் போனார். அம்மா அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"கொரியாவுல வேணாம்னு சொன்னியேம்மா?" என்று காரில் கேட்டேன். அவள் என் தலையைத் தடவினாள். வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் கிடைப்பதற்காக என் அரண்மனை போனதே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பையின் ஜிப்பைத் திறந்தாள். "அழுக்காயிரும் ஆத்தா, பையோட இருக்கட்டும்" என்று தாத்தா பதறினார். அவள் கேட்கவில்லை. அந்த மதிய வெயிலில், படுக்கையறை ஏசியைப் பதினெட்டில் வைத்து, கம்பளியைக் கழுத்து வரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாள். தாத்தா கதவுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் கம்பளிக்குள் அம்மாவின் தோள் குலுங்கியது.

குளிர்கிறது போல என்று நினைத்து, நான் போய் ஏசியை அணைத்தேன். தாத்தா எழுந்து வந்து, என் கையிலிருந்து ரிமோட்டை வாங்கி, மறுபடியும் போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார். குளிரில் நடுங்குகிற மகளுக்கு எதற்கு இவர் இன்னும் ஏசி போடுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.